சூடு ஏறினால் ஒரு துடி, இறங்கினால் ஒரு துடி: மாமாவின் ஆம்ப்ளிஃபயருக்கு எல்எம்75 பூட்டிய கதை

போன தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி, பினாங்கு ஜாலான் உத்தாமா பக்கம் மாமா போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் பாட்டு பாதியில் நின்றுவிட்டது. வெள்ளி ரதம் எந்த நேரமும் வரும் என்று கூட்டம் சாலையோரம் நெருக்கிக்கொண்டு நின்ற நேரம். பக்கத்துப் பந்தல்காரர்களுக்குக் கொண்டாட்டம். எங்கள் பக்கம் தேங்காய் உடைக்கும் சத்தம் மட்டும்தான். மாமா ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் கையை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார். "படுத்துக்கிச்சுடா. தோசை சுடலாம் போல இருக்கு" என்றார். இருபது நிமிடம் கழித்து அது தானாகவே எழுந்தது. அதற்குள் ரதம் கடந்துபோய்விட்டது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பர்ன்-இன் பிரிவில் டெக்னீஷியன். 125 டிகிரி அடுப்பில் சிப்களை மணிக்கணக்கில் வேகவைத்து, பலவீனமானதை வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்பே சாகடிப்பது என் வேலை. அதனால் வீட்டில் எது சூடானாலும் என் தலையில்தான் விழும். பந்தல் பிரித்த மறு வாரம் ஆம்ப் ஜெலுத்தோங்கில் என் வீட்டுச் சமையல் மேசைக்கு வந்து சேர்ந்தது.

திறந்து பார்த்ததில் பாதிக் காரணம் உடனே தெரிந்தது. ஹீட்சிங்க் என்ற, சூட்டை வெளியே விடும் உலோகத் துண்டின் இடுக்கெல்லாம் சாம்பிராணிப் புகையும் தூசியும் கலந்து பிசினாக அப்பியிருந்தது. பின்பக்கக் காத்தாடியை விரலால் சுண்டினால் அரைச் சுற்றோடு நின்றது. ஹீட்சிங்கில் பொத்தான் மாதிரி ஒரு தெர்மோஸ்டாட் திருகியிருந்தது. அதன் மேல் 80 என்று பொறித்திருந்தது. பாட்டை நிறுத்தியது அதுதான், தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மாமா மழைக்குப் பயந்து ஆம்பை நாலு பக்கமும் பலகை அடித்த பெட்டிக்குள் வைத்திருந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை.

கழுவி, துடைத்து, புது 12 வோல்ட் காத்தாடி போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமா இதே ஆம்பைத்தான் வீட்டு விசேஷங்களுக்கும் தேவாரக் கச்சேரிக்கும் கொண்டுபோவார். அங்கே காத்தாடி எந்நேரமும் இரைந்தால் ஆகாது. "சூடானா மட்டும் சுத்தணும். அப்புறம், படுக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு சேதி வரணும். சத்தத்தைக் கொறைச்சிக்குவேன்ல?" என்றார். ஆக, காத்தாடியைச் சுற்றவிடுவது ஒரு வேலை, ஆளுக்குச் சேதி சொல்வது இன்னொரு வேலை. இரண்டும் வேறு வேறு என்று அப்போதே எனக்கு உறைத்திருந்தால் இந்தப் பதிவு இவ்வளவு நீண்டிருக்காது.

சிப் எது என்று அதிகம் யோசிக்கவில்லை. எல்எம்75. எட்டுக் கால், ஐ2சி (சிப்கள் இரண்டே ஒயரில் பேசிக்கொள்ளும் முறை) பேசும், அரை டிகிரி நுணுக்கத்தில் சூடு சொல்லும். இந்த வேலைக்கு முக்கியமானது அதன் மூன்றாவது கால், ஓஎஸ். சூடு எல்லை தாண்டினால், யாரும் கேட்காமலே அந்தக் கால் தன் நிலையை மாற்றிக் காட்டும். பெயரில் உள்ள எல்எம் நேஷனல் செமிகண்டக்டர் வைத்த முன்னெழுத்து. 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸுக்கு முதலில் வந்து கடை விரித்த எட்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. 'எட்டு சாமுராய்' என்று பினாங்கில் பெரியவர்கள் இன்னமும் பெருமையாகச் சொல்வார்கள். 2011-இல் அந்த நிறுவனத்தை டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கிவிட்டது. எங்கள் அத்தை ஒருவர் அந்தக் காலத்தில் இங்கே ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை சிப்பில் ஒட்டியவர். மேசையில் கிடந்த எல்எம்75-ஐப் பார்த்து, "இத்தினியூண்டுதானா, இதுலயா சூடு பாக்குறீங்க?" என்றார்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஓஎஸ் கால் ஓப்பன் டிரெயின் வகை. அதாவது, கீழே இழுக்கத் தெரியும், மேலே தள்ளத் தெரியாது. மேலே தூக்கிப் பிடிக்க வெளியிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வேண்டும். இதை மறந்து மீட்டர் வைத்தால் கால் காற்றில் மிதந்து ஏதேதோ வோல்ட் காட்டும். சிப் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நான் 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் போட்டு, அதே முனையிலிருந்து ஒரு லாஜிக் லெவல் மாஸ்ஃபெட்டின் (மின்சாரத்தாலேயே திறந்து மூடும் சுவிட்ச்) கேட் என்ற காலுக்குக் கொண்டுபோனேன். காத்தாடி மாஸ்ஃபெட்டின் பொறுப்பு. ஓஎஸ் கால் சில மில்லி ஆம்பியர்தான் தாங்கும். ரிலேயையோ காத்தாடியையோ நேராக அதில் தொங்கவிடக் கூடாது.

சிப்பின் உள்ளே நான்கே பதிவேடுகள், அதாவது எண்களை வைத்திருக்கும் சின்ன இடங்கள். சூடு ஒன்று, அமைப்பு ஒன்று, டிஹிஸ்ட் என்ற கீழ் எல்லை, டிஓஎஸ் என்ற மேல் எல்லை. மின்சாரம் வந்ததும் மேல் எல்லை 80, கீழ் எல்லை 75 என்றுதான் சிப் எழுந்திருக்கும். நான் மேலே 50, கீழே 40 என்று எழுதினேன். அமைப்புப் பதிவேட்டில் ஒரு பிட், சிப் கம்பேரேட்டர் முறையில் ஓடுவதா இன்டரப்ட் முறையில் ஓடுவதா என்று தீர்மானிக்கிறது. 'எல்லை தாண்டியதும் கூப்பிடு' என்பதுதானே நமக்கு வேண்டியது, அப்படியானால் இன்டரப்ட்தான் என்று அந்த பிட்டை 1 ஆக்கிவிட்டேன். பெயரைப் பார்த்துப் பெண் எடுத்த கதை. சிப்போடு பேச வைத்திருந்த அர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை விநாடிக்கு ஒரு முறை சூட்டை வாசித்துத் திரையில் காட்டும்படி எழுதிக்கொண்டேன்.

ஹேர் டிரையரைப் பிடித்தேன். 47, 48, 49.5, 50.5. காத்தாடி 'விர்' என்று கிளம்பியது. மாமாவை ஃபோனில் கூப்பிடலாம் என்று கையை நீட்டுவதற்குள் நின்றுவிட்டது. திரையில் 53. 58. 64. காத்தாடி அசையவில்லை. டிரையரை அணைத்துவிட்டு மாஸ்ஃபெட்டைச் சந்தேகப்பட்டேன், ஒயரை ஆட்டினேன், சாலிடரை மறுபடி உருக்கினேன். அதற்குள் சிப் ஆறியது. 41, 40.5, 40, 39.5. அப்போது பார்த்தால், வேலையே இல்லாத அந்த நேரத்தில் காத்தாடி மறுபடி ஒரு விநாடி 'விர்' என்று துடித்து அடங்கியது.

சூடு ஏறும்போது ஒரு துடி, ஆறும்போது ஒரு துடி. நடுவில் மௌனம். மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அச்சு அசலாக இதேதான். ஒயர் கோளாறு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. மாஸ்ஃபெட்டை விட்டுவிட்டு சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட்டைத் திறந்தேன். முதல் நாளே திறந்திருக்க வேண்டியது.

நடந்தது இதுதான். கம்பேரேட்டர் முறையில் ஓஎஸ் கால் இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் மாதிரி. மேல் எல்லை தாண்டினால் ஆன், கீழ் எல்லைக்குக் கீழே இறங்கினால் ஆஃப். நடுவில் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. இன்டரப்ட் முறை வேறு சாதி. அது வாசலில் நின்று பெல்லை அழுத்திக்கொண்டே இருக்கிற ஆள். யாராவது எட்டிப் பார்த்து "வந்துட்டேன்" என்றால் கையை எடுத்துவிடுவார். அப்புறம் வந்த காரியம் முடிந்து கிளம்பும்போது மட்டும் "போய்ட்டு வரேன்" என்று இன்னொரு தடவை அழுத்துவார். சிப்பின் கணக்கில் எட்டிப் பார்ப்பது என்றால், எந்தப் பதிவேட்டையாவது ஐ2சி வழியாக வாசிப்பது. சூட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை, எதை வாசித்தாலும் போதும். என் அர்டுயினோ திரையில் காட்டுவதற்காக விநாடிக்கு ஒரு தரம் வாசித்துக்கொண்டிருந்தது. 50 தாண்டியதும் கால் மாறியது; அடுத்த விநாடியே என் வாசிப்பு அதைத் துடைத்துவிட்டது. அதற்கப்புறம் சூடு 64 என்ன, 100 போனாலும் சிப் வாயைத் திறக்காது. ஒரு தடவை சொல்லியாகிவிட்டது, நாமும் கேட்டாகிவிட்டது. அடுத்த சேதி 40-க்குக் கீழே இறங்கும்போதுதான். அந்த இரண்டாவது துடிக்கு இதுதான் அர்த்தம்.

வெறுமனே பார்ப்பது என்று நான் நினைத்தது, சிப்புக்குப் பதில் சொல்வதாக இருந்திருக்கிறது.

ஒரே பிட்டை 0 ஆக்கியதும் காத்தாடி ஒழுங்காகிவிட்டது. ஆனால் நிற்கவில்லை! ஏன் என்றால், பினாங்கு வெயிலில், மூடிய பலகைப் பெட்டிக்குள், பாட்டே ஓடாதபோதுகூட ஹீட்சிங்க் பக்கம் 41, 42 இருக்கிறது. கீழ் எல்லையை 40-இல் வைத்தால் அது எங்கே இறங்குவது? 46 ஆக்கினேன். டேட்டாஷீட்டில் இது இருக்காது. பெட்டியை மூடி, மத்தியானம் இரண்டு மணிக்கு வெராந்தாவில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது சிப்பை ஒட்டிய இடம். எல்எம்75-இன் உடல் பிளாஸ்டிக். அதற்குச் சூடு போகும் முக்கிய வழி கால்களும் அவை நிற்கும் செம்பும்தான். முதலில் சிப்பின் முதுகை ஹீட்சிங்கில் படும்படி ஒட்டியிருந்தேன். தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) ஹீட்சிங்கில் 66 காட்டும்போது சிப் 57 என்றது. பலகையைத் திருப்பி, அதன் செம்புப் பக்கத்தை சிலிக்கோன் பேட் வைத்து அழுத்தியதும் வித்தியாசம் மூன்று நான்கு டிகிரியாகக் குறைந்தது. பேட் மின்சாரம் கடத்தாத வகையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில ஆம்ப்களில் ஹீட்சிங்கிலேயே வோல்டேஜ் இருக்கும். இன்னொன்று, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும். ஒரு பல்ப் வைத்து இறக்கிவிட்டுத்தான் கையை உள்ளே விடுவேன்.

இனி நான் கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டப்போய் மாட்டிக்கொண்ட இடம். என் வயரிங்கில் ஓஎஸ் கால் விட்டுவிட்டால் ரெசிஸ்டர் கேட்டை மேலே இழுக்கும், காத்தாடி சுற்றும். ஆகவே சூடானால் காலை விடு, ஆறினால் கீழே இழு என்று போலாரிட்டி பிட்டைத் திருப்பி வைத்திருந்தேன். இதில் ஒரு நன்மை உண்டு. சென்சார் ஒயர் அறுந்தால் காத்தாடி நிற்காமல் சுற்றும். ஆம்ப் பிழைக்கும். மாமாவும் சுவிட்ச் போட்டதும் காத்தாடி ஒரு கணம் சுற்றி நிற்பதைப் பார்த்து, "சாமிக்குக் கும்பிடு போட்டுட்டு ஆரம்பிக்குது" என்று சந்தோஷப்பட்டார். அது கும்பிடு இல்லை. அர்டுயினோ அமைப்பை எழுதி முடிக்கும்வரை சிப் தன் பிறவிக் குணத்தில் இருக்கும் அந்த நேரம்.

அந்தப் பிறவிக் குணம்தான் பிரச்சினை. ஒரு நாள் சென்சார் பிளக்கைச் சும்மா பிடுங்கி மாட்டினேன். சிப்புக்கு மின்சாரம் போய் வந்தது. அர்டுயினோவுக்கு ஒன்றும் தெரியாது. காத்தாடி விடாமல் சுற்றியது. பரவாயில்லை, சுற்றுவது நல்லதுதானே என்று டிரையரைப் பிடித்தேன். 60, 70, 78 வரை சுற்றியது. 80 தாண்டியதும் நின்றுவிட்டது. வயிற்றில் புளி கரைத்தது. எழுதியதெல்லாம் மறந்துபோய், சிப் 80 எல்லையோடும் நேர் போலாரிட்டியோடும் எழுந்திருக்கிறது. சூடானால் கீழே இழு என்பது அதன் பழைய வழக்கம். என் வயரிங்கில் அதற்கு அர்த்தம், அடுப்பாகக் கொதிக்கும்போது காத்தாடியை நிறுத்து. பந்தலில் யாராவது ஒயரில் கால் இடறினால் போதும், இது நடந்துவிடும்.

இப்போது அர்டுயினோ அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அமைப்பையும் இரண்டு எல்லைகளையும் திரும்ப எழுதுகிறது. எழுதுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. காத்தாடி சிப்பின் அமைப்பு ஹெக்ஸ் (பதினாறின் அடிமானத்தில் எழுதும் எண்) 14. அதாவது கம்பேரேட்டர் முறை, திருப்பிய போலாரிட்டி, தொடர்ந்து நான்கு அளவீடுகள் எல்லை தாண்டினால்தான் நம்பு என்ற வரிசை. ஓர் அளவீட்டுக்குச் சுமார் 100 மில்லி விநாடி. ஆகவே நான்கு என்றால் அரை விநாடிக்கும் குறைவு. இடையில் வரும் ஒரு பொய் அளவீட்டை வடிகட்ட அது போதும். காத்தாடியைத் தாமதப்படுத்தும் கருவி என்று அதை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சேதி சொல்லும் வேலைக்கு இரண்டாவது எல்எம்75 வாங்கினேன். பத்து வெள்ளிகூட ஆகவில்லை. முகவரிக் கால்கள் மூன்று இருப்பதால் ஒரே இரண்டு ஒயரில் எட்டு வரை தொங்கவிடலாம். ஹெக்ஸ் 48-இலிருந்து தொடங்கும். காத்தாடிக்கு 48, விளக்குக்கு 49. என் பலகைகளில் முகவரிக் கால்கள் எதிலும் ஒட்டாமல் வந்திருந்தன. சாலிடர் வைத்து ஒட்டும்வரை இரண்டும் ஒரே பெயருக்கு மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அதில் ஒரு மாலை போனது.

49-க்கு இன்டரப்ட் முறை, மேலே 65, கீழே 57. 'இதையும் அர்டுயினோவே வாசித்துப் பார்த்தால் போதாதா, தனி சிப் எதற்கு?' என்று கேட்கலாம். முடியும்தான். ஆனால் அதே அர்டுயினோதான் பந்தல் முகப்பில் எழுத்து ஓடும் எல்இடி பலகையையும் ஓட்டுகிறது. ஒரு வரி ஓடி முடியும்வரை அது வேறு எதையும் பார்க்காது. இன்டரப்ட் முறையில் கால் தானாக விடாது. யாராவது வந்து வாசிக்கும்வரை அழுத்திக்கொண்டே நிற்கும். எனக்கு அந்தப் பிடிவாதம்தான் வேண்டியிருந்தது.

இங்கேயும் இரண்டு இடத்தில் அடி வாங்கினேன். முதலில், கால் விழுந்ததும் அர்டுயினோ கைவேலையை விட்டுவிட்டு ஓட்டும் இன்டரப்ட் செயல்கூறுக்குள்ளேயே சூட்டை வாசிக்கும் வரியைப் போட்டேன். அர்டுயினோ அப்படியே உறைந்துவிட்டது. அங்கே மற்ற இன்டரப்ட்கள் அடைத்துக் கிடக்கும், ஐ2சி நூலகமோ அவற்றை நம்பித்தான் ஓடுகிறது. இப்போது உள்ளே 'சேதி வந்தது' என்று ஒரு கொடியை மட்டும் ஏற்றுகிறேன். வாசிப்பதெல்லாம் வெளியே. இரண்டாவது, கால் கீழே விழும் அந்தக் கணத்தைத்தான் அர்டுயினோ பிடிக்கிறது. அது எழுந்து தயாராகும் முன்பே கால் விழுந்திருந்தால் அந்தக் கணம் தவறிவிட்டது. வாசிக்க ஆள் இல்லாததால் கால் மேலே வராது, மேலே வராததால் மறுபடி விழவும் முடியாது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காத்துக் கிடப்பார்கள். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கால் கீழே கிடக்கிறதா என்று நேரடியாகவும் ஒரு பார்வை பார்க்கிறேன்.

வந்த சேதி ஏறியதா இறங்கியதா என்று சிப் சொல்லாது, அதற்கென்று தனிப் பதிவேடு இல்லை. வாசித்த சூடு 61-க்கு மேலே இருந்தால் ஏறியது, கீழே இருந்தால் இறங்கியது என்று எடுத்துக்கொள்கிறேன். ஏறினால் சிவப்பு விளக்கும் மூன்று பீப்பும், இறங்கினால் விளக்கு அணையும். திரையில் காட்டும் சூட்டை 48-இலிருந்து மட்டும் எடுக்கிறேன். 49 பக்கம் எழுதப் போவதுண்டு, மணி அடித்தால் தவிர வாசிக்கப் போவதில்லை.

பெரிய இடங்களில் இதை ஒரே சிப்பில் இரண்டு கால்களாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் கவனித்தேன். எல்எம்90 போன்ற சிப்களில் அலர்ட் ஒன்று, டிகிரிட் ஒன்று. முதலாவது சேதி சொல்ல, இரண்டாவது யாரையும் கேட்காமல் காரியத்தில் இறங்க. டிஎம்பி102-இல் இன்னொரு வசதி. பல சிப்களின் அலர்ட் கால்களை ஒரே ஒயரில் கட்டிவிட்டு, பொது முகவரி ஒன்றில் 'யார் கூப்பிட்டது?' என்று கேட்டால், கூப்பிட்டது தன் முகவரியைச் சொல்லும். இரண்டே சிப் உள்ள மாமாவின் பெட்டிக்கு அதெல்லாம் அதிகம்.

கடைசியில் ஒரு வாரம் வெராந்தாவில் ஓட்டினேன். பக்கத்து வீட்டு ஆண்ட்டி மூன்றாம் நாள் வந்து, சாமி பாட்டுதான், ஆனாலும் மத்தியானத் தூக்கம் போகிறது என்றார். காத்தாடி 50-இல் கிளம்பி, பாதி சத்தத்தில் ஏழெட்டு நிமிடத்தில் 46-க்கு இறக்கியது. முழுச் சத்தத்தில் விளக்கு இரண்டு தடவை எரிந்தது. 80 பொத்தான் ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை. அதைக் கழற்றவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

பெட்டி மூடியின் உட்புறத்தில், பின்னால் யார் திறந்தாலும் தெரியட்டும் என்று மார்க்கரால் எழுதினேன்: '48 காத்தாடி. 49 விளக்கு. 49-ஐச் சும்மா வாசிக்காதே.' மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்.

"நாப்பத்தொம்பதுல அப்படி என்னடா எழுதியிருக்கு, படிக்கக் கூடாதுன்னு?" என்றார்.